கொழுப்பில்லாத ரத்தத்துக்கு ஒரு கேடயம்

துரைக்கு நெஞ்சு வலித்தது. அதனால் தொழிலாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் தோட்டத்தில் குடியிருந்தவர்களாக இருக்க முடியாது.

எண்பத்து நான்காம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், ரப்பர்த் தோட்டத்துத் துரைமார்கள் கூடும் கிளப்பில், கல்பாலத் தோட்டத்துத் துரை ஆட்டுக்கறியையும் பீரையும் ஒரு கை பார்த்துவிட்டு எழுந்தார். எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். வெறும் வாயுதான் என்று மறுநாளே பினாங்கில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்குள் தீர்மானம் போட்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தேர்ந்தெடுத்து, ‘இருதயக் காவற் கழகம்’ பிறந்துவிட்டது. மாலை போட்டுக்கொண்டவர்களிடம் போய், அது வாயுதானாம், மாலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

தலைவர் டாக்டர் பரஞ்சோதி. பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வாரம் ஒருமுறை வந்து போகிறவர். நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, நீட்டிய நாக்கைப் பார்க்காமலே மருந்து எழுதக்கூடியவர். வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்கு ரத்தக் கொழுப்பைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

கழகத்தின் முதல் கூட்டம் கல்பாலத் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. டாக்டர் பரஞ்சோதி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“அன்பர்களே, நெஞ்சு நோய்க்குக் காரணம் ரத்தத்தில் ஓடும் கொழுப்பு. முறைப்படி பார்த்தால் துரைமார்களின் ரத்தத்தைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஊசிக்குப் பயப்படுகிறார்கள். அதோடு, முடிவு மோசமாக வந்தால் கழகத்துக்குக் கெட்ட பெயர். உங்களிடம் அந்தத் தொந்தரவு இல்லை. கருவாடும் கீரையும் சாப்பிடுகிறவர்களுக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும்? ஆகவே, எங்கே கொழுப்பு இல்லையோ அங்கிருந்தே கொழுப்பை ஒழிக்கத் தொடங்குகிறோம். வெற்றி நிச்சயம்!”

எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு கையில் காராபூந்திப் பொட்டலம் வைத்திருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

பிறகு உறுதிமொழி. தோட்டத்தில் பாதிக் குடும்பங்கள் கத்தோலிக்கர்கள். ஞானஸ்நானத்தில் கேட்கிற மாதிரியே கேட்டால் ஜனங்களுக்குப் பழக்கமாக இருக்கும் என்று தோட்டத்து டிரசர் செலஸ்டின் யோசனை சொல்லியிருந்தான்.

“தேங்காய்ப்பாலை விட்டுவிடுகிறீர்களா?”

“விட்டுவிடுகிறோம்.”

“ஆட்டிறைச்சியையும் அதன் ஆடம்பரங்களையும் விட்டுவிடுகிறீர்களா?”

“விட்டுவிடுகிறோம்.”

இதே மாதிரி பசாசு என்கிற சாத்தானையும் கோயிலில் அவர்கள் பலமுறை விட்டிருக்கிறார்கள். அன்று ராத்திரி எல்லா வீடுகளிலும் தேங்காய்ப்பால் ஊற்றித்தான் குழம்பு வைத்தார்கள்.

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்துகிறவர். புண்ணுக்கு மருந்து கட்டுவதும், வந்திருப்பது காய்ச்சலா சோம்பேறித்தனமா என்று தீர்ப்புச் சொல்வதும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு எழுதுவதும் அவர் வேலை. அந்தச் சீட்டு இல்லாமல் போனால் தோட்டத்து வேன் கிடையாது, அன்றைக்குப் பேரும் விழாது, கூலியும் கிடையாது. செலஸ்டின் அந்த நாற்காலியில் முப்பது வயதிலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார வைத்தது அவன் அக்கா அகத்தா. அம்மா செத்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அகத்தா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய், அவனைக் கூலிமில் படிக்க வைத்து, அதற்கப்புறம்தான் காலம் கடந்து இஞ்ஞாசிமுத்துவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், “செலஸ்டின் இருக்கான்ல” என்பாள்.

கழகம் ஒரு போட்டி வைத்தது. சில சுற்றுகளில் பெண்களின் ரத்தத்தைப் பார்த்து, கடைசிச் சுற்றுக்குத் தோட்டத்துக்கு ஒரு பெண். யாருடைய ரத்தத்தில் கொழுப்பு குறைவோ அந்தத் தோட்டத்துக்குக் கேடயம். ஆண்களை ஏன் சேர்க்கவில்லை என்றால், அவர்கள் ஊசியைக் கண்டதும் கள்ளுக்கடைப் பக்கம் போய்விடுகிறார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ரத்தம் கொடுக்கிறவர்கள் முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது. விடியுமுன் எழுந்து மரத்துக்குப் போகிற பெண், டிஸ்பென்சரி திறக்கிறவரைக்கும் ஒரு வாய்த் தேத்தண்ணி இல்லாமல் இருப்பாளா? மற்றத் தோட்டங்களில் இதற்காகச் சண்டையே நடந்தது. செலஸ்டின் கெட்டிக்காரன். அவன் சுவரில் மாட்டியிருந்த கோயில் காலண்டரைப் பார்த்தான். நோன்புக் காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கத்தோலிக்கப் பெண்கள் எப்படியும் ஒருசந்தி நோன்பு. நெற்றியில் சாம்பலோடு வரிசையாக வந்து கையை நீட்டினார்கள். தவக்காலம் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிராத டாக்டர் பரஞ்சோதி, இந்தத் தோட்டத்தின் கட்டுப்பாட்டைப் பார்த்து வாயடைத்துப் போனார்.

ரத்தம் கொடுத்துவிட்டு மற்றவர்கள் போன பிறகு அகத்தா நின்றாள்.

“தம்பி, வயிறு ஒரு மாதிரியா இருக்குடா. ரெண்டு வாய் தின்னா தொண்ட வரைக்கும் நெறஞ்சி போச்சின்னு இருக்கு. பாவாட நாடா கட்ட முடியல. அடி வயித்துல இழுத்துப் பிடிக்குது.”

செலஸ்டின் அவளைப் பெஞ்சில் படுக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்தான். அவன் விரல்கள் ஓரிடத்தில் கொஞ்சம் நின்றன. பிறகு கையைக் கழுவினான்.

“காத்துதான்க்கா. வயசாவுதுல்ல? வெள்ளப்பூண்டு சுட்டுத் தின்னு.”

ஒரு வாரத்தில் பினாங்கிலிருந்து முடிவு வந்தது. மற்றப் பெண்களுக்கெல்லாம் இருநூற்றுக்குக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே. அகத்தாவுக்கு நூற்றுப் பதினைந்து. டாக்டர் பரஞ்சோதி நம்பாமல் மறுபடி எடுத்து அனுப்பினார். மறுபடியும் அதேதான். “இது ரத்தமா, பன்னீரா?” என்று அவர் கேட்டது ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. துரையே தன் மோட்டார் காடியை நிறுத்தி இறங்கி வந்து அகத்தாவின் கையைக் குலுக்கினார். பால் வாளியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அவள் வாளியோடு சேர்த்துக் குலுக்கினாள்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து படம் பிடிக்கிறவர் வந்தார். காமிராவுக்குள் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கையும் கழுத்தும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்னால் நின்றது. கழகத்தின் செயலாளர் நடராஜா ஆட்களைக் கூட்டிப் பேசி முடிவெடுத்தார். ஒரு பெரிய பூசணிக்காயைக் கொண்டுவந்து, வயிற்றை மறைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கீழே ‘இவரைப் போல் இருங்கள்’ என்று தமிழிலும் மலாயிலும் அச்சடித்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும் ரப்பர் ஷீட் காயும் புகைக்கூண்டிலும் ஒட்டினார்கள். பாடாங் செராயில் சீனிவாசகம் கடையில் நெய் டின்களுக்கு மேலேயே ஒட்டினார்கள். சீனிவாசகம் மரியாதைக்காக ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு அதன்மேல் ஊதுபத்தி விளம்பரத்தை மாட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கேதரின் மட்டும் பூசணிக்காய்க்குப் பின்னால் இருந்ததைப் பற்றிப் பேசினாள்.

“என்னாடி அகத்தா, வேதத்துல வர்ற எலிசபெத்தம்மா மாதிரி வயசான காலத்துல ஏதாச்சும் விசேசமா?”

“போடி, ஒனக்கு வேற வேல இல்ல” என்றாள் அகத்தா. ஆனால் ஒரு வாரம் அவளும் அதை நம்பினாள். யாருக்கும் தெரியாமல் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். பிறகு ஒருநாள் துணியில் ரத்தம் பட்டது, வலி இடுப்புக்கு ஏறியது, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டாள். அவள் அதிகம் ஆசைப்படுகிறவள் அல்ல. அந்த ஒரு வாரத்தை நினைக்கும்போதுதான் எனக்குக் கழகத்தின்மேல் ரொம்பக் கோபம் வருகிறது.

டாக்டர் வரும் நாளில் நேரே போய் அவரிடமே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா, கழகத்தின் சட்டதிட்டத்தில் இருதயம் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. வயிறு இல்லை. வயிற்றைச் சேர்க்க வேண்டுமானால் பொதுக்குழு கூட வேண்டும். அதுவும் தவிர, கொழுப்பே இல்லாத உடம்பில் நோய் எங்கே வந்து உட்காரும்? உங்களுக்கு நோய் என்றால் மற்றவர்கள் என்ன ஆவது?”

“வயிறு வீங்கியிருக்குங்களே, டாக்டர்.”

டாக்டர் திரும்பிச் சுவரில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். “எங்கே? படத்தில் வயிறே தெரியவில்லையே!” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இரண்டாம் சுற்று பெரிய வெள்ளிக்கிழமை அன்று வைக்கப்பட்டது. நாற்பது நாள் ஒருசந்தி பிடித்த பெண்களோடு மோத முடியாது என்று தெரிந்துகொண்ட செமிலிங் பக்கத்துத் தோட்டக்காரர்கள், பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருந்த பெண்களைக் கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கர்களின் நோன்பு நாள் கணக்கில் நீளம், இது அநியாயம் என்று அவர்கள் புகார் செய்ய, காவடிக்காரப் பெண்கள் மீன்கூடத் தொடுவதில்லையே என்று நம்மவர்கள் எதிர்ப்புகார் செய்தார்கள். கழகம் ஒரு துணைக்குழு அமைத்தது. துணைக்குழு தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டே மூன்று தடவை கூடி, “கழகம் எல்லா மதங்களுக்கும் பொதுவானது, எந்தக் கடவுளுக்காகப் பட்டினி கிடந்தாலும் பட்டினி பட்டினியே” என்று தீர்ப்புச் சொன்னது.

ஈஸ்டர் வந்தது. எல்லார் வீட்டிலும் ஆட்டுக்கறி மணத்தது. எல்லாப் பெண்களின் எண்ணும் விறுவிறு என்று ஏறியது. அகத்தாவின் எண் மட்டும் இன்னும் இறங்கியது. நோன்பு முடிந்தும் அவளுக்கு நோன்பு முடியவில்லை. கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. இஞ்ஞாசிமுத்து கறியை ஊதி ஊதி ஊட்டப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மாதம் ஒருமுறை செலஸ்டின் ரத்தம் எடுப்பான். எடுத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அவளைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கியும் பார்ப்பான். வேறு எந்தப் பெண்ணுக்கும் அப்படிப் பார்க்கவில்லை. தம்பிக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று அகத்தா கேதரினிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

மே மாதத்தில் ஒருநாள் பால் வாளியைத் தூக்க முடியாமல் ரப்பர் மர நிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நேரே டிஸ்பென்சரிக்குப் போனாள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுடா, தம்பி. முடியல.”

செலஸ்டின் பேனாவை எடுத்தான். எடுத்து மூடியைத் திறந்து, திரும்ப மூடினான்.

“எழுதலாம்க்கா. ஆனா அங்க போனா என்னா செய்வாங்க? தண்ணி ஏத்துவாங்க. முட்ட, பாலு, சூப்புன்னு குடுப்பாங்க. நம்ப ரத்தம் கெட்டுப் போயிரும்லா. ஜூலையில ஃபைனலு. அது வரைக்கும் பொறுத்துக்க.”

“நம்ப ரத்தமா?”

“தோட்டத்து ரத்தம்க்கா. துரை என்னையக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காரு. கேடயம் வந்தா என்னையக் கழகத்துலயே ஆபீசரா போடப் போறாங்க. பினாங்குல வீடு. ஒன்னையும் மாமாவையும் அங்க கூட்டிக்கிட்டுப் போயிருவேன்.”

“ஃபைனல் முடிஞ்சதும் எழுதுவியா?”

“சத்தியமா.”

பஸ் ஏறித் தானே போயிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். கேதரினும் அதைத்தான் சொன்னாள். ஆனால் டிரசரின் அக்காவே டிரசரை நம்பாமல் வெளி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள் என்று தோட்டம் பேசுமே, அது தம்பியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடுமே என்று அகத்தா யோசித்தாள். காட்டிக்கொடுப்பது பற்றி அவளுக்கு அவ்வளவு கவலை இருந்தது.

இஞ்ஞாசிமுத்து ஒரு தடவை மச்சானிடம் பேசிப் பார்த்தான். “ராவெல்லாம் முனகுறா, மச்சான். எனக்குப் பயமா இருக்கு.”

“மாமா, ஃபைனல்ல நீங்க மேடையில உக்காரப் போறீங்க. துரைக்குப் பக்கத்துல நாற்காலி. வெள்ளச் சட்ட இருக்கா?”

இஞ்ஞாசிமுத்து வெள்ளைச் சட்டை தேடப் போய்விட்டான். நல்ல மனுஷன்தான். அவன் வாழ்க்கையில் யாரும் அவனை மேடையில் உட்காரச் சொன்னதில்லை.

ஃபைனல் சுங்கைப் பட்டாணியில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. வாசலில் கழகம் புதிதாக வாங்கிய ஆம்புலன்ஸ் மாலையோடு நின்றது. உள்ளே டாக்டர் பரஞ்சோதி கடைசி எண்ணை அறிவித்தார்: தொண்ணூறு. மண்டபம் எழுந்து நின்றது.

“பாருங்கள் இந்த அம்மையாரை!” என்றார் டாக்டர். “ஆறு மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. எலும்பு தெரிகிறது. கண் உள்ளே போய்விட்டது. கழகத்தின் உழைப்பு எப்படிப் பலன் கொடுத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?”

பித்தளைக் கேடயத்தை அவள் கையில் கொடுத்தார்கள். படம் பிடிக்கிறவர், தலைக்கு மேலே தூக்குங்கம்மா என்றார். தூக்கினாள். கேடயம் முன்னால் விழுந்தது, அவள் பின்னால் விழுந்தாள். இரண்டு பேர் ஓடிப்போய்க் கேடயம் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

வாசல்வரை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆம்புலன்ஸ் கதவில் செயலாளர் நடராஜா கையை நீட்டி மறித்தார்.

“இது நெஞ்சு நோயாளிங்களுக்கு மட்டும். அப்படித்தான் நன்கொட வாங்கியிருக்கோம். அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதா?”

“சும்மா ஆமான்னு சொல்லும்மா” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கிசுகிசுத்தார்.

“நெஞ்சு இல்லீங்க. வயிறு” என்றாள் அகத்தா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

நடராஜா செலஸ்டினைப் பார்த்தார். செலஸ்டின் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில், தோற்றுப்போன செமிலிங் கோஷ்டியின் லாரிக்காரர் வடிவேலு கத்தினார்: “இங்க கொண்டாங்க லா! நாங்க தோத்தவங்க. எங்களுக்குப் பேச்சு கேக்குற வேலயெல்லாம் இல்ல.” அவர்தான் அவளைக் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இஞ்ஞாசிமுத்து வெள்ளைச் சட்டையோடு லாரியின் பின்னால் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். கேடயத்தையும் யாரோ லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

அங்கே இருந்த சின்ன வயது டாக்டரம்மா அகத்தாவின் சேலையைத் தளர்த்தி வயிற்றில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல், எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டார். அத்தனை மாதமும் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். அதற்கு இஞ்ஞாசிமுத்து கேடயத்தைக் காட்டினான்.

“எங்க வீட்டுக்காரி ரத்தத்துல கொழுப்பே இல்லீங்க. இந்தப் பக்கத்துலயே முதலாவது.”

நர்ஸ் வேலை பார்க்கிற தமிழ் மிஸி ஒருத்தி டாக்டரம்மா சொன்னதை அவனுக்கு எடுத்துச் சொன்னாள். சினைப்பையில் கட்டி. புற்றுநோய். வயிறு முழுக்க நீர் கோத்துப் பரவியிருக்கிறது. அந்த மாதிரி நோய் உள்ளே இருந்து ஆளைத் தின்னும்போது ரத்தக் கொழுப்பு இறங்குவதும் உண்டாம். முன்னாலேயே வந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாமாம். இஞ்ஞாசிமுத்து மெதுவாகக் கேடயத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அந்தக் கேடயத்தை உண்மையில் வென்ற கட்டி அகத்தாவின் வயிற்றுக்குள் இருந்தது.

அலோர் ஸ்டாரில் அறுத்தார்கள். எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மீதிக்கு மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். தலைமுடி கொட்ட, துண்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். செலஸ்டின் முகத்தைக் காட்டுவதற்கு வெட்கப்படுவான், பாவம், அவனே என்ன செய்வான், அவனுக்கும் தெரியாதுதானே என்று அவள் இஞ்ஞாசிமுத்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தால் திட்டக் கூடாது என்று அவனிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

செலஸ்டின் வெட்கப்படவில்லை. அழைப்பிதழோடு வந்தான். கழகத்தின் சிறப்புக் கூட்டம். ‘ரத்தக் கொழுப்பும் சினைப்பைப் புற்றுநோயும்: ஒரு தோட்டத்து ஆராய்ச்சி’. கட்டுரை வாசிப்பவர் செலஸ்டின். அக்கா முன்வரிசையில் இருக்க வேண்டும், வேன் அனுப்புகிறேன் என்றான். இந்தத் தடவை வேன் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது.

டாக்டர் பரஞ்சோதி தலைமை உரை ஆற்றினார்.

“கழகம் வயிற்றைக் கவனிக்கவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். இதோ, போன வாரம் பொதுக்குழு கூடி வயிற்றைச் சேர்த்துவிட்டோம். கொழுப்பு குறைவதைக் கொண்டாடியதும் கழகம்தான். அது ஏன் குறைந்தது என்று ஆராய்வதும் கழகம்தான். ஒரே பெண்மணி நமக்கு இரண்டு தடவை பயன்பட்டிருக்கிறார். இப்படிப்பட்ட ஒத்துழைப்பு மற்றவர்களிடமிருந்தும் கிடைக்க வேண்டும்.”

அடுத்து செலஸ்டின் எழுந்தான். புதுக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான்.

“நோயாளியின் பெயரை வெளியிடுவது மருத்துவ தர்மம் அல்ல. ஆகவே அவரை ‘அ’ என்று அழைப்போம்” என்று தொடங்கினான். மண்டபமே திரும்பி முன்வரிசையைப் பார்த்தது. “அ-வின் கட்டியை முதலில் கண்டுபிடித்தது அரசாங்க ஆஸ்பத்திரி என்று ஒரு தவறான கருத்து நிலவுகிறது. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். விபூதிப் புதன் அன்றே, இதோ இந்தக் கையால் நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது கொய்யாப்பழ அளவு. ஈஸ்டரில் ஆரஞ்சு அளவு. ஜூனில் தேங்காய் அளவு. கட்டி ஏற ஏறக் கொழுப்பு இறங்கியது. இடையில் யாராவது சிகிச்சை செய்து குறுக்கிட்டிருந்தால், இந்த அருமையான உண்மை நமக்குக் கிடைத்திருக்காது. அதற்காக நான் எவ்வளவு பொறுமையோடு இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.”

அகத்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“தம்பி. அன்னிக்கே தெரியுமாடா ஒனக்கு?”

செலஸ்டின் மைக்கை விட்டு நகரவில்லை. கொஞ்சம் எரிச்சலோடுதான் பதில் சொன்னான்.

“தெரியும்க்கா. அதத்தானே இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

கைதட்டல் எழுந்தது. நீண்ட நேரம் தட்டினார்கள். அகத்தா உட்கார்ந்தாள். மாதாமாதம் வயிற்றை அமுக்கிய அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் தூக்கி வைத்து, சோறு பிசைந்து ஊட்டி, பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்து வளர்த்த பிள்ளையின் விரல்கள். தன் தம்பி ஏமாந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அவள் இத்தனை நாள் மன்னித்துக்கொண்டிருந்தாள். இப்போது மன்னிப்பதற்கு எதுவும் பிடிபடவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சு வலித்தது. வலிக்கிறதா என்று கழகத்தில் யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மருந்து ஏற்றிக்கொள்ள அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனாள். ஒருநாள், பார்வை நேரம் முடிந்து ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தபோது செலஸ்டின் வேகமாக வார்டுக்குள் வந்தான். கையில் சின்னப் பெட்டி. பெட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துத் திறந்தான். ஊசியும் கண்ணாடிக் குழாயும் இருந்தன.

“அக்கா, எப்படி இருக்க? கே.எல். மாநாட்டுல கட்டுர வாசிக்கச் சொல்லிட்டாங்க. மருந்து ஏத்துனதுக்கு அப்புறம் கொழுப்பு ஏறுதா எறங்குதான்னு ஒரு எண்ணு மட்டும் கொறையுது. ஒரே ஒரு தடவக்கா. கையக் குடு.”

பழக்க தோஷம். அகத்தா சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையை நீட்டிவிட்டாள்.

மலாய்க்கார மிஸி அவர்களிடம் வந்தாள். நேரம் முடிந்துவிட்டது, சொந்தக்காரர்கள் மட்டும்தான் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு அகத்தாவிடம் கேட்டாள்:

“இனி அடிக் மாச்சிக் கா?” உங்கள் தம்பியா?

செலஸ்டின் சிரித்துக்கொண்டே, ஆமாம், தம்பிதான் என்று மலாயில் சொன்னான். சொல்லிக்கொண்டே பஞ்சில் மருந்தை நனைத்தான். மிஸி அவனைப் பார்க்கவில்லை. அகத்தாவின் பதிலுக்காக நின்றாள்.

அகத்தா அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படியே அம்மாவின் முகம். மூக்கும், மேலுதடும்.

“புக்கான், மிஸி” என்றாள். இல்லை. “டியா ஓராங் எஸ்டேட்.”

எஸ்டேட் ஆள்.

“அக்கா!” என்றான் செலஸ்டின்.

மிஸி கதவைக் காட்டினாள். அவன் ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தான். கழகம், மாநாடு, டாக்டர் பரஞ்சோதி என்றெல்லாம் சொன்னான். அந்த மிஸிக்குக் கழகம் என்றால் என்னவென்றே தெரியாது. பெட்டியை மூடி அவன் கையில் கொடுத்து, கதவுவரை கூடவே நடந்தாள்.

அவன் போன பிறகு அகத்தா சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.